ஆத்திரம் சட்டமாகலாமா? – காத்தான்குடியும் வவுணதீவும் கற்பிக்கும் பாடம்



மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதியில் தெற்கே செல்பவர்கள், ஆரையம்பதியை அடையுமுன் காத்தான்குடியைக் காண்பார்கள். ஒரு புறம் வாவி, மறு புறம் கடல். இடையில் நெருக்கமான வீடுகள், கடைகள், பள்ளிவாசல்கள்; வீதியின் நடுவே வரிசையாகப் பேரீச்ச மரங்கள். நம் குடும்பங்கள் பெருநாட்களுக்குப் புடைவை வாங்கப் போய்ப் பழகிய ஊர் அது.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, அந்த ஊரின் பெயர் உலகெங்கும் வேறு விதமாக அறியப்பட்டது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் தேவாலயத்தில் மாண்டவர்களுள் ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற பச்சிளம் பிள்ளைகளும் இருந்தனர். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாசிம் காத்தான்குடியில் பிறந்து வளர்ந்தவர்.

இத்தகைய கொடுமை நடந்தால் மனிதர் மனதில் எழும் முதற் கேள்வி, "யாரைத் தண்டிப்பது?" என்பது. அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "யார் செய்தார்கள் என்பதை நாம் எப்படி அறிகிறோம்?" இவ்விரண்டாம் கேள்வியைக் கேளாமல் முதலாவதற்கு விடை தேடும் சட்டம், குற்றமற்றவனைக் கட்டிப்போடுகிறது, அத்தோடு நில்லாமல் குற்றவாளியைத் தப்பவும் விடுகிறது. இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் வாவிக்கரையிலேயே உண்டு.

1. வவுணதீவில் நடந்தது

2018 நவம்பர் 30ஆம் திகதி அதிகாலை, வவுணதீவுச் சோதனைச் சாவடியில் கடமையில் இருந்த இரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டனர். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். அவர்களுடைய துப்பாக்கிகளும் எடுத்துச் செல்லப்பட்டன.

மாவீரர் நாள் கழிந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. எனவே சந்தேகம் ஒரே திசையில் ஓடியது. முன்னாள் போராளி ஒருவர் கைதானார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். அவருடைய குடும்பத்தார் அவர் குற்றமற்றவர் என்று சொல்லிக்கொண்டே இருந்தனர். ஏறக்குறைய ஐந்து மாதங்கள் அவர் உள்ளே இருந்தார்.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரே உண்மை வெளிவந்தது. கைதான சஹ்ரான் குழுவினரை விசாரித்தபோது, வவுணதீவில் அந்த இருவரையும் கொன்றது அக்குழுவே என்று தெரியவந்தது. எடுத்துச் செல்லப்பட்ட ஆயுதமும் அகப்பட்டது. 2019 மே மாதத்தில் முன்னாள் போராளி விடுதலையானார்.

இதைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஒரு மனிதனின் ஐந்து மாத வாழ்வு வீணாயிற்று; அது ஓர் அநீதி. அதைவிடப் பெரியதொன்றும் இங்கே நடந்திருக்கிறது. உண்மையான கொலையாளர்கள் அந்த ஐந்து மாதங்களும் வெளியே உலாவினார்கள். தங்களைத் தேடுவார் இல்லை என்று அறிந்து குண்டு செய்தார்கள். வவுணதீவுக் கொலையை முன்முடிவின்றி, தடயத்தின் பின்னே நடந்து துப்புத் துலக்கியிருந்தால், அந்த விசாரணை சஹ்ரானின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கக் கூடும். சீயோன் தேவாலயத்தில் நின்ற பிள்ளைகளுக்கும் அந்த முன்னாள் போராளிக்கும் இடையே இப்படியொரு தொடர்பு இருக்கிறது. அவருக்கு இழைத்த தவறின் விலையில் ஒரு பங்கை அப்பிள்ளைகள் செலுத்தியிருக்கலாம் என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது.

2. குறைந்தது சட்டமா, விழிப்பா?

தாக்குதலுக்குப் பிறகு, "இன்னும் கடுமையான சட்டம் வேண்டும்" என்ற குரல் எங்கும் கேட்டது. இருந்த சட்டம் போதாமையினாலா அது நடந்தது?

2017 மார்ச் 10ஆம் திகதி காத்தான்குடி அலியார் சந்தியில் சஹ்ரானின் ஆட்களுக்கும் சூஃபி வழியைப் பின்பற்றும் முஸ்லிம்களுக்கும் இடையே மோதல் மூண்டது. வாள்கள் வீசப்பட்டன. சிலர் கைதாயினர். சஹ்ரான் தலைமறைவானார், அவரைப் பிடிக்க நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தது. அவரைப் பற்றி முதலில் முறையிட்டவர்கள் யார்? காத்தான்குடி முஸ்லிம்களே. அவரால் முதலில் அடிபட்டவர்களும் அவர்களே. பிடியாணை இருந்தது, சாட்சிகள் இருந்தார்கள், சாதாரணக் குற்றவியற் சட்டமே போதுமாயிருந்தது. அதைச் செயற்படுத்தும் கைதான் இல்லாமற் போயிற்று.

2019 ஏப்ரல் 4ஆம் திகதி வெளிநாட்டுப் புலனாய்வுத் துறையிடமிருந்து எச்சரிக்கையும் வந்தது. தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்று அதில் இருந்தது. பதினேழு நாட்கள் கழிந்தன. எந்தப் பங்கிற்கும் ஒரு சொல் வந்து சேரவில்லை.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதனை உறுதிப்படுத்தியது. அப்போது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று ஆணை பிறந்தது. பொலிஸ் மா அதிபராக இருந்தவரும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராக இருந்தவரும் தலா 7 கோடி 50 இலட்சம் ரூபா செலுத்தவேண்டும் என்றும் கூறப்பட்டது. கடமை தவறியதால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்பதே தீர்ப்பின் சாரம்.

ஆகவே இந்த அழிவு, சட்டத்தின் மென்மையால் வந்ததன்று; கடமையில் விழிப்பின்மையால் வந்தது. நோய் ஒன்றாயிருக்க மருந்து வேறொன்றாக இருந்தால், மருந்தின் கசப்பு மட்டுமே மிஞ்சும்.

மருந்து எப்படி இருந்தது? அடுத்த சில மாதங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். சதியில் பங்குகொண்டோர் அவர்களுள் சிலர் இருந்தனர். ஆனால் வீட்டில் அரபு எழுத்திருந்த புத்தகம் வைத்திருந்ததால் பிடிபட்டோரும் இருந்தனர். ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், உடுத்த சட்டையில் கப்பற் சுக்கானின் படம் இருந்தமைக்காகக் கைதானார். அதைத் தர்மச் சக்கரம் என்று எண்ணிவிட்டார்களாம்! இரு வாரங்களுக்கு மேல் அவர் மறியலில் இருந்தார். சுக்கானையும் சக்கரத்தையும் பிரித்தறியாத விசாரணை, குற்றவாளியையும் அயலவனையும் எப்படிப் பிரித்தறியும்? இதற்கிடையில், முக்கிய சந்தேக நபர்கள் இருபத்தைந்து பேருக்கு எதிரான பெருவழக்கு 2021 நவம்பரில்தான் கொழும்பில் ஆரம்பமாயிற்று. அவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகள் 23,270.

3. ஒரு சட்டத்தின் வரலாறு

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 ஜூலையில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. "தற்காலிக ஏற்பாடுகள்" என்பது அதன் பெயரிலேயே இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கென்றே இயற்றப்பட்டது. 1982இல் அது நிரந்தரமாக்கப்பட்டது. முதலில் தமிழ் இளைஞர்கள் மீது பாய்ந்தது. 1980களின் பிற்பகுதியில் தெற்கின் சிங்கள இளைஞர்களையும் தொட்டது. 2019க்குப் பின் முஸ்லிம்கள் மீது திரும்பியது. 2022இல் அரசுக்கு எதிராகக் கிளர்ந்த மாணவர் தலைவர்களையும் பிடித்தது. அயலவன் வீட்டு வாசலில் இச்சட்டம் நின்றபோது நாம் பேசாதிருந்தோம். அவனும் நம் முறை வந்தபோது பேசாதிருந்தான். இப்படியே நாற்பது ஆண்டுகள் போயின.

இச்சட்டத்தில் இரண்டு விதிகளை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது.

முதலாவது ஒன்பதாம் பிரிவு. நீதிபதி அல்ல, அமைச்சர் ஒருவர் கையொப்பமிட்டு ஒருவரைத் தடுத்து வைக்கலாம். மும்மாதமாக நீட்டி நீட்டிப் பதினெட்டு மாதம் வரை வைக்கலாம் என்றிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதைப் பன்னிரண்டு மாதமாகக் குறைத்தது.

இரண்டாவது பதினாறாம் பிரிவு. இதை விளங்கிக்கொள்ளப் பழைய சட்டமொன்றைப் பார்க்கவேண்டும். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் சான்றாகக் கொள்ளக்கூடாது என்று விதிக்கிறது. வெள்ளைக்காரன் நம்மேல் கொண்ட இரக்கத்தால் இதை எழுதவில்லை. ஒப்புதலே போதும் என்றால், தடயம் தேட எவரும் வெயிலில் அலையமாட்டார்; நிழலில் இருந்துகொண்டே பிடிபட்டவனை அடித்து வழக்கை முடிப்பார் என்ற அனுபவ அறிவினால் எழுதினான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பதினாறாம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும் என்றது. அது பலவந்தத்தால் பெறப்பட்டதென்றால், அதை நிரூபிக்கும் பாரத்தையும் குற்றஞ்சாட்டப்பட்டவன் தலையிலேயே வைத்தது. பூட்டிய அறையில் நடந்ததற்கு அவன் எங்கே போய்ச் சாட்சி தேடுவான்?

சட்ட நூல்களில் சிங்கராசா வழக்கு என்று பெயர் பெற்றது நம் மாவட்டத்து வழக்கே. 1993இல் மட்டக்களப்பில் நடந்த சுற்றிவளைப்பில் பிடிபட்ட ஓர் இளைஞர், 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவருக்கு எதிரான சான்று ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றே. அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. கீழே அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. மேன்முறையீட்டில் தண்டனை முப்பத்தைந்து ஆண்டாகக் குறைந்தது. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, நியாயமான விசாரணைக்கான அவருடைய உரிமை மீறப்பட்டதென்று கூறியது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

4. நம் பேராலயத்திலேயே

இனி நம் சொந்த வீட்டுக் காயத்தைத் தொடுவோம். 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலி. மட்டக்களப்புப் புனித மரியாள் பேராலயத்தில், நற்கருணை பெற்றுத் திரும்பிய பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி படுகாயமுற்றார். ஆலயம் நிறைய மக்கள் இருந்தார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2015இல் சிலர் கைதாயினர். வழக்கு பெரும்பாலும் அதே பதினாறாம் பிரிவின் கீழ் எடுக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலங்களின் மேல் கட்டப்பட்டது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாக்குமூலங்களைச் சான்றாக ஏற்க முடியாதெனத் தீர்த்தது. 2021 ஜனவரியில், வழக்கைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு அறிவிக்க, குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர்.

அவர்கள் குற்றமற்றவர்கள் என்றே சட்டம் கொள்கிறது. நாமும் அதற்கு மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. நாம் கேட்பது வேறு. அப்படியானால் கொன்றவர் யார்? சன்னங்களை ஆராய்ந்தார்களா? நேரிற் கண்டவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்து அழைத்தார்களா? வழக்கு ஒப்புதலில் சாய்ந்து நின்றது. ஒப்புதல் சரிந்ததும் அதுவும் சரிந்தது. ஐந்து ஆண்டுகள் சிலர் மறியலில் இருந்ததும், பேராலயத்தில் சிந்திய இரத்தத்துக்கு விடை இல்லாமற் போனதும் மட்டுமே மிச்சம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. 1974 நவம்பர் 21ஆம் திகதி இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் இரு மதுச்சாலைகளில் குண்டு வெடித்து இருபத்தொருவர் மாண்டனர். எட்டே நாட்களில் பிரித்தானியப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டமொன்றை நிறைவேற்றியது. அயர்லாந்துக் கத்தோலிக்கர் ஆறு பேர், அடித்துப் பெற்ற ஒப்புதலாலும் பிழையான இரசாயனப் பரிசோதனையாலும் ஆயுள் தண்டனை பெற்றனர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1991இல், தவறு உணரப்பட்டு விடுதலையாயினர். உண்மையில் குண்டு வைத்தவர்கள் தண்டிக்கப்படவேயில்லை. அதே காலத்துக் கில்ட்ஃபோர்ட் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட நால்வரும் 1989இல் குற்றமற்றோராய் வெளிவந்தனர். அவர்களுக்காகக் கர்தினால் பேசில் ஹியூம் பல ஆண்டுகள் பரிந்து பேசினார். இத்தகைய தவறுகளைக் கண்ட அந்நாடு தன் வழியை மாற்றிக்கொண்டது. பொலிஸ் விசாரணையை ஒலிப்பதிவு செய்வதும், சட்டத்தரணியை அருகில் வைத்துக்கொள்வதும் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் முறையாயிற்று. முடிந்த வழக்கிலும் பிழை உண்டா என்று தேடும் ஓர் ஆணைக்குழுவும் 1997இல் பணி தொடங்கியது. தவற்றை ஒப்புக்கொண்டதால் அந்நாட்டுச் சட்டத்தின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

5. தானியேலும் கண்ணகியும்

தவக்காலத்தில் நாம் கேட்கும் வாசகங்களுள் ஒன்று சூசன்னாவின் வரலாறு. இரண்டு முதியவர்கள், ஊரில் மதிப்புள்ளவர்கள், ஒரு பெண்ணின் மேல் பொய்க் குற்றம் சாட்டினார்கள். சபை நம்பியது, தீர்ப்பும் ஆயிற்று. அவளைக் கொலைக்குக் கொண்டுபோகும் வழியில் இளைஞனான தானியேல் கூட்டத்தை நிறுத்தினார். அவர் செய்தது மிக எளிய காரியம். இருவரையும் பிரித்து நிறுத்தித் தனித்தனியே ஒரே கேள்வியைக் கேட்டார்: எந்த மரத்தின் கீழ் கண்டீர்கள்? ஒருவர் ஒரு மரத்தையும் மற்றவர் வேறொரு மரத்தையும் சொன்னார்கள். பொய் வெளிப்பட்டது. தேவ ஆவி தானியேலைத் தூண்டியதென்று வேதாகமம் சொல்கிறது. அந்த ஆவியின் வேலை குறுக்கு விசாரணையாக வெளிப்பட்டதைக் கவனியுங்கள்.

நம் மட்டக்களப்பு மண்ணிலும் இதே பாடம் உண்டு. வைகாசி மாதம் ஊர்தோறும் கண்ணகை அம்மன் சடங்கு நடக்கும். கண்ணகி வழக்குரை பாடப்படும். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு, விசாரியாமல், பாண்டியன் கோவலனைக் கொல்வித்தான். கண்ணகி மன்றேறி அழுது மட்டும் நிற்கவில்லை, சான்று காட்டினாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் உண்மை தெறித்தது. அந்த நொடி வரை அவள் நீதியின் பக்கம் நிற்கிறாள். அதன்பின் ஆத்திரம் மேலிட, நகரமே எரிந்தது. சிலம்பைக் காணாத, கோவலனை அறியாத எத்தனை வீடுகள் அதில் வெந்திருக்கும்! அதனால்தான் போலும், நம் ஊரார் சடங்கின் முடிவில் குளிர்த்தி பாடி அவள் சினத்தை ஆற்றுகிறார்கள்.

இழந்தவரின் சினம் நியாயமானது. ஆனால் சிலம்பை உடைத்துக் காட்டும் வேலையைச் சினத்திடம் ஒப்படைக்க முடியாது. சட்டம் என்பது பொது நன்மைக்காக அறிவு வகுக்கும் ஒழுங்கு என்று புனித தோமா அக்குவினார் கற்பித்ததன் பொருளும் இதுவே.

6. சாதாரணக் குற்றங்களிலும்

பெரிய தாக்குதல்களைப் பற்றி மட்டுமன்று இந்தப் பாடம். நம் நாட்டுச் சிறைகளில் கொள்ளக்கூடிய தொகையைப் போல இரு மடங்குக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருப்பது பல ஆண்டுகளாக வழக்கமாயிற்று. அவர்களுள் பெரும்பகுதியினர் தீர்ப்புப் பெற்றவர்கள் அல்லர், விளக்கமறியலில் இருப்பவர்கள். தீர்ப்புப் பெற்றவர்களிலும் பலர், குற்றப் பணம் கட்ட வழியின்றி உள்ளே போனவர்கள். ஒரே குற்றத்துக்குக் காசுள்ளவன் வீட்டுக்கும் காசில்லாதவன் மறியலுக்கும் போகிறான். அங்கே அவன் யாரோடு படுத்து எழுகிறான், என்ன கற்றுக்கொண்டு திரும்புகிறான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நெருக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2020 நவம்பர் 29ஆம் திகதி மஹர சிறைச்சாலையில் கண்டோம். கொரோனாப் பயத்தால் எழுந்த கலவரத்தில் பதினொரு கைதிகள் மாண்டனர்.

1999ஆம் ஆண்டிலேயே சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் ஒன்று உண்டு. சிறு குற்றம் செய்தவனைச் சிறைக்கு அனுப்பாமல் ஊர் வேலையில் ஈடுபடுத்தித் திருத்த அது வழி வகுக்கிறது. வழி இருந்தும் நடப்பவர் குறைவு.

மரண தண்டனையைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையில் கடைசியாகத் தூக்கு நிறைவேறியது 1976இல். அதற்கு முன்னரே, பிரதமர் பண்டாரநாயக்க காலத்தில், தூக்குத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு, நோர்வல் மொறிஸ் என்ற அறிஞரின் தலைமையில் ஆணைக்குழு ஒன்று கணக்குகளை ஆராய்ந்தது. தூக்கை நிறுத்தியதால் கொலை பெருகியதென்று சொல்ல ஆதாரம் இல்லை என்பது அதன் முடிவு. 1959 செப்டெம்பரில் பண்டாரநாயக்கவே சுடப்பட்டு இறந்தார். அவ்வாண்டு முடியுமுன் தூக்கு மீண்டும் சட்டமாயிற்று. ஆணைக்குழுவின் கணக்கில் பிழை எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை; நாட்டின் மனம் மட்டுமே மாறியிருந்தது. 2019 ஜூன் மாதத்திலும், தாக்குதல் நடந்து இரு மாதங்களில், போதைவஸ்துக் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி கையொப்பமிட்டார். உயர் நீதிமன்றம் தடுத்தது. மரண தண்டனை எந்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று என்று 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் நம் மறைக்கல்வி ஏட்டையே திருத்தியதை இங்கே நினைவுகூரலாம்.

7. "உங்கள் வீட்டில் நடந்திருந்தால்?"

வாசகர் ஒருவர் கேட்கலாம்: "சுவாமி, உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த ஞாயிறு இறந்திருந்தால் இப்படி எழுதுவீர்களா?" நேர்மையான கேள்வி. ஒருவேளை எழுதமாட்டேன். அதனால்தான் இழந்தவர் கையிலேயே தீர்ப்பைக் கொடுப்பதில்லை. அவருக்காக அமைதியாகத் தேடித் தருவதற்கென்று நீதிமன்றம் இருக்கிறது. பிள்ளையை இழந்த தாய்க்கு உண்மை ஒன்றே கடன். ஆயிரம் பேரைப் பிடித்தார்கள் என்ற செய்தி அவளுக்கு உண்மையாகாது.

உண்மை கிடைக்காதபோது என்ன நடக்கும் என்பதைக் காத்தான்குடி அறியும். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, அங்கே இரு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தமிழீழ விடுதலைப் புலிகளே செய்தனர் என்று உயிர் தப்பியோர் கூறினர், புலிகள் மறுத்தனர். அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்ட 184 தமிழர் கொல்லப்பட்டனர். இவ்விரண்டுக்கும் இடையில், ஆகஸ்ட் 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகளாரும் உடன்வந்த இளைஞரும் காணாமற் போனார்கள். இம்மூன்றிலும் எவரும் தண்டிக்கப்படவில்லை. குற்றவாளிக்குப் பெயர் கிடையாதபோது, "முஸ்லிம்கள்", "தமிழர்கள்", "சிங்களவர்கள்" என்று ஊர்ப்பெயரே குற்றத்தின் பெயராகிவிடுகிறது. ஒரு மனிதன் மீது நிரூபிக்கப்பட வேண்டியது ஓர் இனத்தின் மீது சுமத்தப்படுகிறது. பிள்ளைகளும் அதைச் சோற்றோடு உண்டு வளர்கிறார்கள். தக்க விசாரணையும் தீர்ப்பும் இந்த நஞ்சை முறிக்கும். குற்றத்தை அது செய்தவனோடு நிறுத்தும் வேலையை அவைதான் செய்யும்.

8. வேண்டிய சீர்திருத்தம்

நீக்குவோம் என்று அரசாங்கங்கள் மாறி மாறி வாக்களித்த பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக எந்தச் சட்டம் வந்தாலும், அதன் பெயரைவிட உள்ளே இருப்பதையே நாம் பார்க்கவேண்டும்.

முதலாவதாக, பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் எந்த வழக்கிலும் சான்றாகக் கூடாது. விசாரணை முழுவதும் ஒலிப்பதிவாக வேண்டும். சந்தேக நபரின் தாய்மொழியில் நடைபெற வேண்டும்.

இரண்டாவதாக, ஒருவரைத் தடுத்து வைப்பதை அமைச்சரின் பேனா தீர்மானிக்கலாகாது. நீதவான் ஆளை நேரிற் கண்டு, காரணம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவதாக, தடயவியல் ஆய்வுக்கும், அரச இரசாயனப் பகுப்பாய்வுக்கும், தமிழ் அறிந்த விசாரணையாளருக்கும் செலவிட வேண்டும். பகுப்பாய்வு அறிக்கை வரும் வரை மாதக்கணக்கில் ஒருவனை மறியலில் வைத்திருப்பது அறிக்கையைவிடச் செலவு கூடியது.

நான்காவதாக, அரசுக்கு ஆலோசனை கூறும் சட்டமா அதிபரே வழக்குத் தொடர்பவராகவும் இருக்கும் நிலை மாறி, வழக்குத் தொடரும் பணிக்குச் சுதந்திரமான தனி அலுவலகம் வேண்டும்.

ஐந்தாவதாக, சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் காக்க 2015இல் இயற்றிய சட்டத்தின் நோக்கம் கிராமத்துச் சாட்சி வரை எட்ட வேண்டும். ஆலயம் நிறைந்த மக்கள் கண்டும் ஒருவரும் பேசத் துணியாத நிலை இனி வரக்கூடாது.

ஆறாவதாக, சிறு குற்றங்களில் பிணையே விதியாகவும் மறியல் விலக்காகவும் இருக்க வேண்டும். ஏழையின் குற்றப் பணத்தை ஊர் வேலையால் தீர்க்க வழிவிட வேண்டும்.

இவற்றுள் ஒன்றும் குற்றவாளிக்குக் காட்டும் சலுகை அன்று. கடுமையான தண்டனையைவிடத் தப்பாத விசாரணைக்கே கள்வன் அஞ்சுவான். வவுணதீவில் கொன்றவர்கள் சட்டம் மென்மையானது என்றா துணிந்தார்கள்? தேடுகிறவர்கள் வேறு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்ததால் துணிந்தார்கள்.

அடுத்த முறை காத்தான்குடிக் கடையில் துணியை அளந்து தரும் வியாபாரியைக் காணும்போது, சஹ்ரானுக்கு எதிராக முதலில் பொலிசுக்குப் போனவர்கள் அவருடைய ஊரார் என்பதை நினையுங்கள். சீயோன் தேவாலயத்தைக் கடக்கும்போது, அங்கே மாண்டவர்களுக்கு நாம் இன்னும் கொடுக்காதது முழு உண்மை என்பதை நினையுங்கள். அந்த உண்மையைக் கேட்பதில் வாவிக்கரையின் இரு ஊராரும் ஒரே வரிசையில் நிற்க முடியும்.

குடும்பத்தில் சிந்திக்க:

1. நம் வீட்டில் ஒரு பொருள் காணாமற் போனால், முதலில் யாரைச் சந்தேகிக்கிறோம்? ஏன் அவரை?

2. ஓர் ஊரையோ இனத்தையோ முழுதாகக் குற்றஞ்சாட்டும் சொற்களைப் பிள்ளைகள் முன்னிலையில் பேசியிருக்கிறோமா?

3. நம் பங்கில் விளக்கமறியலில் உள்ளவரின் குடும்பம் உண்டா? அவர்களை யாராவது சென்று கண்டோமா?

4. ஒரு குற்றத்தை நேரிற் கண்டால் சாட்சி சொல்லத் துணிவோமா? துணிவதற்கு நமக்கு என்ன பாதுகாப்பு வேண்டும்?